யார் பேரில் இருக்கிறது?

திருவனந்தபுரம் ஆபீஸ் மீட்டிங்கில், கூட வேலை பார்க்கும் என் ஊர்க்காரனிடம் நான் மலையாளத்தில் கேட்டது இவ்வளவுதான்: ஸ்டாக்கில், அதாவது மெமரி வாங்கிய ஃபங்ஷன்களின் வரிசையில், உன் பேர்தானே இருக்கிறது?

அவன் தமிழில் பதில் சொன்னான். "அண்ணே, வாங்கினது நான்தான். இப்ப கையில வச்சிருக்கது யாருன்னு இதுல இல்லையே."

"முதல்ல உன் பக்கத்தைப் பாரு" என்றேன். நானும் தமிழுக்கு மாறியிருந்தேன். திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தமிழ் புரியாமல் இல்லை.

எங்கள் போர்டில் காலி மெமரி நாளுக்கு நாள் தேய்ந்தது; யாரோ வாங்கியதைத் திருப்பவில்லை. மெமரியின் ஒவ்வொரு பக்கத்தையும் (சிறு துண்டு) எந்த ஸ்டாக் வாங்கியது என்று குறித்துவைக்கும் பேஜ் ஓனரை ஆன் செய்து பூட் பண்ணினோம். ஓடுகிற மெஷினில் இடையில் போட முடியாது. மூன்று நாள் கழித்து சார்ட் பண்ணிப் பார்த்தால் ஒரே ஸ்டாக் 41,000 தடவை. பக்கத்துக்கு 4 கேபி, ஏறக்குறைய 160 எம்பி. அதில் இருந்தது அவனுடைய டிரைவர், வரும் டேட்டாவை வைக்க ரிசீவ் பஃபர் வாங்கும் ஃபங்ஷன்.

சரி, அதைப் பார்த்து நான் கேட்டதில் என்ன தப்பு? லினக்ஸ் 3.19 கர்னலில் இந்த வசதி வந்ததிலிருந்து எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பட்டியலில் மேலே யாரோ, அவரிடம் முதலில் போவார்கள். ஆனால் மாட்டிக்கிடக்கும் பக்கத்துக்கு அது காட்டுவது வாங்கிய ஸ்டாக்கைத்தான். பிறகு யார் கெட் பேஜ் போட்டு, பக்கத்தைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கையை ஏற்றினார்கள், யார் புட் பேஜ் போட்டு இறக்காமல் விட்டார்கள் என்பது வராது. பூஜ்யம் ஆகாமல் பக்கம் திரும்பாது. எண்ணிக்கை மாறுவதைக் காட்ட பேஜ் ரெஃப் ட்ரேஸ் பாயிண்ட்கள் 4.6-லிருந்தே உண்டு. எங்கள் கர்னல் கன்ஃபிகில் ஆன் செய்யவில்லை. போட்டு பில்ட் பண்ண ஒரு மதியம் ஆகியிருக்கும். இது எனக்கு அன்றே தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

குமரி மாவட்டத்து எங்கள் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் பத்திரம் மலையாளத்தில் ஒருவர் பேரில் இருக்கும். அந்த விளையில் (தோட்டத்தில்) ரப்பர் பால் எடுப்பவர் வேறொருவர். இதற்காக என் தாத்தா கோர்ட்டுக்கு நடந்த கதையை அவனிடமே பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன்.

பதினொரு நாள் டிரைவரை வரிவரியாகப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள், அந்தப் பஃபரைக் கையில் வாங்கும் என் மாட்யூலில் நான் வேறு எதையோ தேடியபோது கண்ணில் பட்டது. ஹெடர் தவறாக இருந்தால் பாதியிலேயே ரிட்டர்ன் ஆகும் இடத்தில் புட் பேஜ் இல்லை. ஒரு வரி. சேர்த்தேன். கமிட் குறிப்பில் 'எர்ரர் பாத்தில் ரெஃபரன்ஸ் லீக் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். யாருடைய லீக் என்று எழுதவில்லை. என் பேர்தான் மேலேயே இருக்கிறதே என்று அப்போது சமாதானம். அந்தப் பேரைப் பார்ப்பவர்கள் சரிசெய்தவன் என்றல்லவா எடுத்துக்கொள்வார்கள்!

அவனிடம் டீக்கடையில் சொன்னேன். "சரி அண்ணே" என்றான். மீட்டிங்கில் சொல்லவில்லை. அடுத்த மீட்டிங்கில் அந்தப் பேச்சே வரவில்லை, நானாக எடுக்கவும் இல்லை.

இப்போதும் தம்பானூரிலிருந்து ஒரே பஸ்தான். களியக்காவிளை வரை பேசிக்கொண்டு வருவான். போன மாதம் கன்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். பேஜ் ரெஃப் ஆன் ஆகியிருந்தது. போட்டவன் அவன். என்னிடம் கேட்கவில்லை.