அந்த ஷூவை யார் மேல் எறிவது?

2018 ஏப்ரல் 10, சேப்பாக்கத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஐபிஎல் ஆட்டம். வெளியே காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அண்ணா சாலை முழுக்கப் போராட்டம். மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு வழியில் அடி விழுகிறது என்று கேள்விப்பட்டு, என் நண்பன் ஜெர்சிக்கு மேல் பழைய கட்டம்போட்ட சட்டை ஒன்றை மாட்டி, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். ஏப்ரல் வெயிலில்! ஆட்டம் நடக்கும்போது எல்லைக்கோட்டுப் பக்கம் நின்ற ஜடேஜாவை நோக்கி ஷூ பறந்து வந்தது. அவர் குஜராத்காரர், காவிரிக்கும் அவருக்கும் என்ன? மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. காவிரி மேலாண்மை ஆணையம் ஜூனில் வந்தது, உச்ச நீதிமன்றம் சொன்னதால்.

சரி, அது ஒரு நாள் கூத்து. என்னை உறுத்துவது 2013, ஏனென்றால் அன்று நானும் கைதட்டியவன்.

அந்த மார்ச்சில் கல்லூரிக்குள் இருந்த யாராலும் சும்மா இருந்திருக்க முடியாது. பதுங்குகுழியில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்த, பிறகு கொல்லப்பட்ட பிரபாகரன் மகன் பாலச்சந்திரனின் படம் எல்லோர் செல்போனிலும் இருந்தது. லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் தொடங்க, ஊர் ஊராகப் பரவியது. 19ஆம் தேதி திமுக மத்திய அரசுக்கான ஆதரவை விலக்கியது, 21ஆம் தேதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இந்தியா இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு வாக்களித்தது. அதுவரை எல்லாம் சரியான கதவைத் தட்டிய போராட்டம்தான்.

அப்புறம்தான் கிரிக்கெட் வந்தது. ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுத, சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆட மாட்டார்கள் என்று ஐபிஎல் அறிவித்தது. சன்ரைசர்ஸ் கேப்டன் சங்கக்காராவுக்குச் சென்னையில் இடமில்லை. சென்னை அணியிலேயே இருந்த குலசேகராவும் பத்தொன்பது வயது அகில தனஞ்சயவும் சொந்த மைதானத்தில் இறங்க முடியாது. முரளிதரன் தமிழர், இங்கே பெண் எடுத்தவர், முன்பு சென்னைக்கு ஆடியவர், அவருக்கும் அதே கதிதான். இதில் எங்களுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அணி ஆடியது, நாங்கள் டிக்கெட் வாங்கி விசில் அடித்தோம், கொழும்பில் அதிபர் ராஜபக்ச அன்றும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

நிறவெறிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவை ஒதுக்கியதும் விளையாட்டு வழியாகத்தானே என்று அன்று நானே வாதாடியிருக்கிறேன். அங்கே அணித் தேர்வே நிறம் பார்த்து நடந்தது, ஆட்டமே குற்றத்தின் ஒரு பகுதி. 1981இல் நியூசிலாந்துக்குத் தென்னாப்பிரிக்க ரக்பி அணியான ஸ்பிரிங்பாக்ஸ் வந்தபோது ஹாமில்டன் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தை நிறுத்தியவர்கள் ரக்பி என்றால் உயிரை விடும் ஊர்க்காரர்கள். தங்கள் சொந்த மக்களின் சாபத்தையும் அடியையும் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் எதை விட்டுக்கொடுத்தோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளையாட்டுக்காரரைக் கேள்வியே கேட்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. இலங்கை வீரர் ஜெயசூர்யா 2010இல் ராஜபக்ச கூட்டணியில் நின்று எம்.பி. ஆனார், அவரைக் கேட்பது நியாயம்தான். பதவி வாங்கியவர் பதில் சொல்லட்டும். அஜந்த மெண்டிஸ் மாதிரி இலங்கை ராணுவத்தில் இருந்துகொண்டே ஆடியவர் விஷயத்தில் எனக்கே இன்னும் குழப்பம்தான். ஆனால் 2012 செப்டம்பரில் கால்பந்து ஆட வந்த கொழும்பு ராயல் கல்லூரிப் பையன்களைத் திருப்பி அனுப்பி, மைதானத்தைக் கொடுத்த அதிகாரியை சஸ்பெண்ட் செய்தார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐயா.

2022இல் இலங்கை வீரர் தீக்‌ஷனாவை ஏலத்தில் எடுத்ததற்குச் சென்னை அணியைப் புறக்கணிக்கச் சொல்லி ட்விட்டரில் இரண்டு நாள் கொதித்தார்கள். அடுத்த வருஷமே அதே சேப்பாக்கத்தில் இன்னொரு இலங்கை வீரர் பதிரனா யார்க்கர் போடப் போட மைதானம் எழுந்து நின்றது. நானும்தான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். கூட்டத்தோடு வெளியே வந்து பறக்கும் ரயிலுக்கு நிற்கும்போது செல்போனைத் திறந்தால், கிளிநொச்சியில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் படம். 2017 பிப்ரவரியிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அந்த வரிசையில் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரயில் வந்தது, ஏறிக்கொண்டேன்.