ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீர்

சென்ற மழைக்காலத்தில் என் மகனுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடிப் பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். கெட்டியாகக் கொடுத்தால் தெம்பு சீக்கிரம் வரும் என்பது என் எண்ணம். அடுத்த வீட்டில் இருக்கும், செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும்மா, இப்படிக் கொடுத்தா பேதி கூடத்தான் செய்யும்" என்றார். அது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்தன்மையும் கொண்டவை. ஆகவே உப்பு நீரில் விழுந்ததும், அதன் சோடியத்தை ஆக்சிஜன் பக்கங்களும் குளோரைடை ஹைட்ரஜன் பக்கங்களும் சூழ்ந்துகொண்டு தனித்தனியே பிரித்துவிடுகின்றன. சர்க்கரை அப்படிப் பிரிவதில்லை. அதன் மூலக்கூறுகள் முழுதாகவே நீரோடு பிணைந்து பரவுகின்றன.

நம் சிறுகுடலுக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர் வருகிறது. அதில் நாம் உண்பதும் குடிப்பதும் 2 லிட்டர் அளவே. மற்றதெல்லாம் உமிழ்நீர், பித்தநீர் என உடலே சுரப்பது. அதில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால்தான் நாம் வற்றிப்போகாமல் இருக்கிறோம். ஆனால் நீரை நேரடியாக இழுக்கும் கருவி எதுவும் குடலில் இல்லை. கரைந்த பொருள் எங்கே போகிறதோ, அதன் பின்னாலேயே நீர் போகிறது. காலராவில் குளோரைடு குடலுக்குள் கொட்டுவதால் நீரும் உடன் வெளியேறுகிறது. அந்த நிலையிலும் ஒரு வாசல் மட்டும் பழுதாவதில்லை: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்தே உள்ளே விடும் புரதம். இந்த இணைப்பை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருப்பது முதன்மையாக இதற்காகத்தான். நான் நினைத்திருந்ததுபோல் ருசிக்காகவோ தெம்புக்காகவோ அல்ல.

1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்திருந்த, மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊற்றிக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவ வரலாற்றில் என் மனத்தை இந்த அளவுக்குத் தொட்ட நிகழ்ச்சி வேறொன்றில்லை.

இனி என் டம்ளருக்கு வருகிறேன். 20.5 கிராம் பாக்கெட்டில் உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. ஒரு லிட்டரில் கரைத்தால் கரைசலின் சவ்வூடுசெறிவு, அதாவது கரைந்த துகள்களின் செறிவு, 245 அலகு. இரத்தத்தினுடையது ஏறத்தாழ 290. செறிவு கூடிய பக்கத்துக்கே நீர் போகும் என்பதால், அது குடலிலிருந்து இரத்தத்தை நோக்கி எளிதில் நகரும். பாதிப் பாக்கெட்டை 200 மில்லியில் கரைத்தாலோ கரைசலின் செறிவு இரண்டரை மடங்காகி 600ஐத் தாண்டிவிடும். அப்போது இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படும். தாகத்தில் தவிக்கும் குழந்தைக்கு நான் கொடுக்கவிருந்தது அதைத்தான்.

அன்றிரவு காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். வாந்தி எடுத்தபோது பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுத்தேன். மறுநாள் காலையில் மிஞ்சியிருந்ததை, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தேன். பிற்பகலில்தான் அவன் சிறுநீர் கழித்தான். அதன் பிறகே நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.