கருங்கல் தளத்துச் சந்துக்குச் சிமெண்ட் பால் வேண்டாம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பர்கூர், ஜெகதேவி பக்கம் பட்டறைகளிலிருந்து கிரானைட் பலகை வாங்கி வாசலிலும் கார் நிறுத்தும் இடத்திலும் பதிக்கிறார்கள். பதிப்பது பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது. கெடுவது கடைசி நாளில்தான். சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துப் பாலாக ஊற்றி, துடைப்பத்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளுக்குள் தள்ளிவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். ஒரு கோடை போனதும் சந்தின் இரண்டு ஓரத்திலும் மயிரிழை விரிசல் ஓடும். மழைநீர் அதில் இறங்கும், எறும்பு அடிமண்ணை மேலே தள்ளும், புல் வேர் பிடிக்கும்.

காரணம் எளிது. பாலில் இருக்கும் அதிகப்படித் தண்ணீர் வற்றும்போது கலவை சுருங்குகிறது. கிரானைட் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். செங்கல்லைப் போலச் சாந்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளாது. ஆகவே சுருக்கம் முழுவதும் கல்லும் சாந்தும் சேரும் ஓரத்தில் விரிசலாகத் திறக்கிறது. போதாததற்கு, நெருப்பில் வாட்டிய சொரசொரப்பான கல்லின் குழிகளில் பால் படிந்து காய்ந்தால் அந்தச் சாம்பல் பூச்சு லேசில் போகாது.

சந்துக்குத் தேவை புட்டு மாவு பதத்தில் இருக்கும் சாந்து. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. உள்ளங்கையில் லேசான ஈரம் மட்டும் தெரிய வேண்டும்.

அளவு ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல். கரண்டிக் கணக்கில் போடாமல் ஒரே டப்பாவால் அளந்து போடுங்கள். கரண்டிக் கணக்கு என்றால் ஒவ்வொரு கலவையும் ஒரு நிறத்தில் வரும். மணல், பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட். 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது, கல் உடைக்கும் ஆலையின் க்ரஷர் தூளையே மணல் என்று லோடு இறக்கிவிடுவது. கண்ணாடி பாட்டிலில் 4 இஞ்ச் மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு மேலே கால் இஞ்ச்சுக்கு மேல் மாவு படிந்தால் அந்த மணல் வேண்டாம். மாவு கூடினால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், தண்ணீர் கூடினால் திரும்பவும் சுருக்கம்தான்.

ஒரு லிட்டர் டப்பாவில் ஒரு டப்பா சிமெண்ட், மூன்று டப்பா மணல் போட்டு, நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகவே புரட்டுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீர்; பதம் வர இன்னும் தேவைப்பட்டால் தெளித்துத் தெளித்துச் சேர்க்க வேண்டும். மணல் ஈரமாக இருந்தால் அரை லிட்டரே அதிகம். இதில் சுமார் 3 லிட்டர் சாந்து கிடைக்கும். இரண்டடிக்கு இரண்டடி கல், 10 மில்லிமீட்டர் அகலச் சந்து, 25 மில்லிமீட்டர் ஆழம் என்றால் 35 சதுர அடிக்கு வரும். வெயிலில் அரை மணி நேரத்துக்குள் தீர்க்கக்கூடிய அளவே கலக்குங்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் பதம் திரும்பும், பலம் திரும்பாது.

நிரப்பும் முன் கல்லைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அந்தக் கல்லை எடுத்து அடிச்சாந்து போட்டு மறுபடி பதியுங்கள். ஆடும் கல்லின் சந்தில் எந்தச் சாந்தும் நிற்காது. சந்தின் ஆழம் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது, குறைந்தது 20 மில்லிமீட்டர் வேண்டும். அறுத்த கல்லின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அறுவைத் தூளைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மெல்லிய பவுடர் மாதிரிதான் தெரியும், ஆனால் சாந்து கல்லில் ஒட்டாமல் அந்தத் தூளில்தான் ஒட்டும். கழுவிய ஈரம் இருக்கட்டும், தேங்கிய தண்ணீர் கூடாது.

சாந்தை இரண்டு தடவையாக அடையுங்கள். முதலில் பாதி ஆழத்துக்குப் போட்டு, சந்தைவிட ஒல்லியான பட்டைக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். உடனே மேல் பாதி. ஒரே தடவையில் மேலே தடவினால் உள்ளே வெற்றிடம் நிற்கும், வண்டிச் சக்கரம் ஏறினால் உடைந்து இறங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் பதிந்து விரலில் ஒட்டாத நிலை வந்ததும், வளைத்த 12 மில்லிமீட்டர் கம்பித் துண்டால் இழுத்து அழுத்துங்கள். கல்லின் மட்டத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்வாங்கி இருந்தால் போதும். மேலே பளபளப்புக்காக உலர் சிமெண்ட் தூவுவது தவறு; அது தனித் தோலாக நின்று உரிந்துவிடும். சிந்தியதை மென்மையான பிரஷால் பெருக்கி, பிழிந்த ஸ்பாஞ்சால் சந்துக்குக் குறுக்காகத் துடையுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவவே வேண்டாம். புதுச் சாந்தை அது அரிக்கும். சில கிரானைட்டில் இரும்புக்கறை எழும்பும். கடப்பாக் கல் பதித்திருந்தால், அது சுண்ணாம்புக் கல் என்பதால் மேற்பரப்பே போய்விடும்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை 10 மணிக்கு நிறுத்திவிட்டு மாலை 4 மணிக்கு மேல் தொடருங்கள். கல் கையைச் சுடுகிற நேரத்தில் அடைத்த சாந்து இறுகுவதற்குள் காய்ந்து மணலாக உதிரும். மறுநாள் காலையிலிருந்து நனைத்த சணல் சாக்கு போட்டு 7 நாள் ஈரம் காக்க வேண்டும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் 10 நாள். நம் பகுதி போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். கறுப்புக் கல்லில் அது தேங்கிக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். அதனால் தண்ணீரைத் தேக்காமல் சாக்கை மட்டும் நனைத்துக்கொண்டிருங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருகிற வீடானாலும் அது குடிக்க வருவது, இதற்குச் செலவழிக்க மனம் வராது. மழைநீர்த் தொட்டி இருந்தால் நல்லது.

பெரிய முற்றங்களில் எல்லாச் சந்தையும் சாந்தால் அடைத்துவிடக் கூடாது. கல்லின் வெப்பநிலை 40 டிகிரி ஏறினால் 4 மீட்டர் கிரானைட் தளம் சுமார் 1.3 மில்லிமீட்டர் நீளும். ஆகவே 4 மீட்டருக்கு ஒரு சந்தையும் சுவரை ஒட்டிய சந்தையும் காலியாக விட்டு, உள்ளே ஃபோம் கயிறு வைத்து, மேலே ரப்பர் போல நெகிழும், கல்லுக்கான பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள். அந்தச் சந்து கல்லுக்குக் கீழுள்ள அடிச்சாந்தின் அடிவரைக்கும் தொடர்ந்து வெட்டப்பட்டிருக்க வேண்டும்.