ஊதா மூடிக் குழாயில் காணாமல் போன தட்டணுக்கள்

சென்ற ஆடி மாதம் என் அம்மாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. காலையில் விரல் மூட்டுகள் இறுகி, காப்பி டம்ளரைப் பிடிக்கவே சிரமப்பட்டார். வேளச்சேரியில் எங்கள் குடும்ப மருத்துவர், ரத்தத்திலோ நோய் எதிர்ப்பு மண்டலத்திலோ கோளாறு உண்டா என்று பார்த்துவிடலாம் எனச் சொல்லி, முழு ரத்த எண்ணிக்கை, உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சொந்த உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஏ.என்.ஏ. ஆகியவற்றை எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலையே வந்த அறிக்கையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 38,000 என்றிருந்தது. 1,50,000-க்குக் குறையக் கூடாத எண்ணிக்கை அது. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கலாம் என்று லேபில் இருந்தவர் போனில் சொன்னதைக் கேட்ட அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்காமலேயே அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் ரத்தநோய் நிபுணர், ஈறில் ரத்தம் கசிகிறதா, தோலில் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று முதலில் விசாரித்தார். இரண்டும் இல்லை என்றதும், ஊதா மூடிக் குழாயிலும் இளநீல மூடிக் குழாயிலுமாக மீண்டும் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஊதா மூடிக் குழாயில் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ., சிலருடைய தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுமாம்; அந்தத் திரளைக் கருவி தட்டணுக்களாக எண்ணாது. ஊழியர் ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் நாக்கு வடிவில் மெல்லிய படலமாக இழுத்ததை அருகில் நின்று பார்த்தேன். அந்தப் படலத்தின் ஓரத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. இளநீலக் குழாயில் 1,90,000 வந்தது; அதிலுள்ள சிட்ரேட் திரவம் ரத்தத்தைச் சற்று நீர்க்கச் செய்வதால் 1.1-ஆல் பெருக்கி 2,09,000 என்று எழுதினார்கள். அம்மா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 8.6, உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7; இரண்டுமே குறைவு. சிவப்பணுக்களும் அளவில் சிறுத்திருந்தன. ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்ததற்கு ரத்தசோகையே காரணமாக இருக்கலாம் என்றார் நிபுணர். ஏ.என்.ஏ. நெகட்டிவ், மூட்டு வலிக்காகப் பின்னர் பார்த்த, முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்ட்டி சி.சி.பி.யும் நெகட்டிவ். மாதவிடாய் நின்ற வயதில் இரும்புச்சத்து இவ்வளவு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று தேடியே ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால், இரும்பு மாத்திரையோடு எண்டோஸ்கோப்பிக்கும் நாள் குறித்தோம்.

'ஈ.டி.டி.ஏ.யில் தட்டணு ஒட்டும், சிட்ரேட்டில் எண்ணவும்' என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டை, எந்த லேபுக்குப் போனாலும் ஊசி போடுவதற்கு முன்பே அம்மா எடுத்து நீட்டுகிறார்.