கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை

கொழும்பின் வெள்ளவத்தையில் கரையோரப் புகையிரதம் ஏறினால் பம்பலப்பிட்டிக்கு அப்பால் வரும் பெரிய நிலையங்கள் மூன்றின் பெயர்களும் ககர வரிசையில் தொடங்குகின்றன. பல வருடங்களாக அதே பாதையில் வேலைக்குப் போய்வரும் நான் இதைக் கவனித்தது என் மகனுக்கு நான்கு வயதான பிறகுதான். அவனுக்கு அவை தொள்ளுப்பிட்டி, தொம்பனித்தெரு, தோட்டை. அக்கா அத்தாவாகவும், கடை தடையாகவும், சங்கு சந்தாகவும் அவன் வாயில் வந்தன.

முதல்நா, அதாவது நாக்கின் அடிப்பகுதி, எழுந்து அண்ணத்தைத் தொட வேண்டிய ககரத்துக்குப் பதிலாக, நாநுனியைப் பல்லில் ஒற்றித் தகரமாக்கிவிடுவது சிறு பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவதாகும். பெரும்பாலான பிள்ளைகளிடம் அது மூன்றரை வயதளவில் தானாகவே மறைந்துவிடும் என்பதால் நாங்களும் காத்திருந்தோம். நான்கு வயதும் இரண்டு மாதங்களும் ஆன பின்னும் வீட்டுக்கு வெளியே யாருக்கும் அவன் கதைப்பது விளங்காமல் போகவே, பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். அதற்கு முன்னரே ஆலோசனைகளுக்குக் குறைவிருக்கவில்லை. அம்மம்மா வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னார். ஒரு முன்பள்ளியிலோ, மூன்று மொழி கேட்பதால்தான் பிள்ளை குழம்புகிறான், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கள் என்றார்கள். பல மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சொலிக் குறைபாட்டுக்குக் காரணமல்ல. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இந்த ஒலி இருக்கிறது, மூன்றிலும் அவன் அதே பிழையைத்தான் விட்டான். சிங்களத்தில் கிரி என்று பால் கேட்க வேண்டிய இடத்தில் திரி என்று கேட்டான். பிழை மொழியில் இல்லை, நாக்கு வைக்கும் இடத்தில் இருந்தது.

சிகிச்சையாளர் முதலில் செவிப்புலன் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒலி சரியாகக் கேட்காத பிள்ளையை ஒலிக்கப் பழக்குவதில் பயனில்லை என்பதால் இது தவறவிடக் கூடாத படி. கேட்டலில் குறையில்லை என்று தெரிந்த பிறகே பயிற்சி தொடங்கியது. ஊதல் ஊதுவதும் நாக்கை மூக்கை நோக்கி நீட்டுவதும் வேண்டுமா என்று கேட்டேன். அவை ஊதவும் நீட்டவும் பழக்குமே தவிரக் ககரத்தைப் பழக்கா என்று சிரித்தபடி மறுத்துவிட்டார்.

அவர் சிங்களவர், தமிழ் ஓரளவு விளங்கும். அவரிடமிருந்த பட அட்டைகள் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் செய்யப்பட்டவை. ஆகவே தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை எழுதிவரும் வேலை என் தலையில் விழுந்தது. உயர்தரத்தில் தமிழ் படித்தவள் என்ற துணிச்சலில் ஓரிரவிலேயே நாற்பது சொற்களை எழுதினேன்: காகம், முகம், மகன், பகல், நகம், தங்கம், சங்கு என்று வரிசை நீண்டது. மறுமுறை போனபோது அவர் என்னையே அவற்றை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும், இதில் பாதிச் சொற்களில் நீங்களே இந்த ஒலியைச் சொல்லவில்லையே என்றார்.

அவர் சொன்னது உண்மை. முகம் என்று எழுதுகிறோம். நம் பேச்சில் அந்தக் ககரம் உரசிக்கொண்டு ஏறத்தாழ ஹகரமாகத்தான் வருகிறது. தங்கத்தில் மெல்லினத்தை அடுத்து வருவதால் அது குரலொலியோடு கலந்து இன்னொன்றாகிறது. சொல்லின் முதலிலும், அக்கா, மூக்கு, பாக்கு என்று இரட்டிக்கும் இடத்திலும் மட்டுமே வல்லினம் தன் முழு வலிமையோடு நிற்கிறது. ஒரே எழுத்தாக இருப்பதால் ஒரே ஒலியாக இருக்கும் என்று எழுதப் படிக்கத் தெரிந்த நாம் நம்பிவிடுகிறோம். எழுத்தறியாத பிள்ளைக்கோ அவை மூன்று வெவ்வேறு வேலைகள். ‘ககார ஙகாரம் முதல்நா அண்ணம்’ என்ற தொல்காப்பிய வரியைப் பரீட்சைக்காக மனனம் செய்தவள் நான். அது என் வாய்க்குள் எங்கே நடக்கிறது என்று ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பயிற்சித்தாள்களைப் படம் பார்த்துத் தமிழாக்கிப் பயன்படுத்தும் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பட்டியலை எழுதியபின் உரக்க வாசியுங்கள், காதுக்கு வராத சொல்லை அடித்துவிடுங்கள்.

அடித்துத் திருத்திய பட்டியலில் பதினெட்டுச் சொற்களே மிஞ்சின. அவற்றுக்குள்ளும் ஒரு வரிசை இருந்தது. நாக்கின் பின்பகுதியை உயர்த்தும் உ, ஊ, ஒ, ஓ ஆகிய உயிர்களோடு சேரும்போது ககரம் எளிதாகிறது. ஆகவே கூடு, கொக்கு, கோட்டை முதலில் வந்தன. நாக்கை முன்னே இழுக்கும் கிளியும் கீரையும் கடைசிக்குத் தள்ளப்பட்டன.

ஆனால் முதல் இரண்டு வாரங்கள் அவனைச் சொல்லவே விடவில்லை, கேட்க மட்டும் வைத்தோம். கட்டு, தட்டு, கடி, தடி, கலை, தலை என்று இணைகளாகப் படங்கள் வரைந்து, நான் சொல்வதை அவன் தொட வேண்டும். ஒன்றும் தப்பவில்லை. நான் வேண்டுமென்றே ‘அத்தா வருகிறா’ என்றபோது, ‘அத்தா இல்லை அம்மா, அத்தா!’ என்று கோபித்துக்கொண்டான். 1960இல் மொழி உளவியலாளர்களான ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் பதிவு செய்த சிறுவனும் இப்படித்தான்: மீனைக் குறிக்கும் ஃபிஷ் என்ற ஆங்கிலச் சொல்லைத் தான் ஃபிஸ் என்று சொல்லிக்கொண்டே, பெரியவர்கள் ஃபிஸ் என்றால் ஏற்க மறுத்தான். காது அறிந்ததை வாய் செய்ய மறுக்கும் நிலை அது. அதைப் பிடிவாதம் என்று நினைத்து அதட்டிய நாட்களை எண்ணினால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒலியை வரவழைக்கச் சிகிச்சையாளர் செய்தது மிக எளிது. பாயில் மல்லாந்து படுக்கவைத்தால் நாக்கு தன் பாரத்திலேயே பின்னால் சரியும். அந்த நிலையில் வாயைத் திறந்து, தண்ணீரில்லாமல் கொப்பளிப்பதுபோல் தொண்டைப் பக்கம் சத்தம் எழுப்பச் சொன்னார். நாநுனி எழும்பப் பார்த்தால் சுத்தமான கரண்டிக் காம்பால் மெல்லத் தாழ்த்தினார். மூன்றாம் நாள் ஒரு ‘க்’ வந்தது. பின்னர் கூ, கோ, பின்னர் சொல், பின்னர் ‘கொக்கு பறக்குது’ போன்ற சிறு வசனம். ஒரு படி உறுதியாகாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

வீட்டில் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. ஒரு சரியான ஒலிக்கு ஒரு புளியங்கொட்டை. அதைப் பழைய பால்மாப் பேணிக்குள் போட வேண்டும். ஐம்பது சேர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. கொட்டை விழும் சத்தத்துக்காகவே அவன் உழைத்தான். மற்ற நேரத்தில் திருத்துவதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். ‘தடைக்குப் போவோமா’ என்று கேட்டால், ‘ஓம், கடைக்குப் போவோம், கடையில் என்ன வாங்குவோம்?’ என்று சரியான வடிவத்தைக் காதில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அப்பம்மாவுக்கு மட்டும் இந்த ஒப்பந்தம் பிடிக்கவில்லை. முதலில் ழகரத்தைத் திருத்துங்கள் என்று தொலைபேசியில் வற்புறுத்தினார். ழகரம் பிள்ளைகளுக்குப் பிந்தி வரும் ஒலி என்று விளக்கினேன். அவரும் நானும் வாளைப்பளம் என்றே சொல்லிப் பழகியவர்கள் என்பதை விளக்கவில்லை.

ஐந்தாம் வாரத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. இரவில் எழுந்து ‘கண்ணி வேணும்’ என்று அழுதான். தண்ணீரைத்தான் கேட்டான். புகையிரதத்தில் தெஹிவளை கெஹிவளையாயிற்று. கண்ட தகரத்தையெல்லாம் ககரமாக்கத் தொடங்கியிருந்தான். நான் பதறிப்போனேன், சிகிச்சையாளரோ மகிழ்ந்தார். புதிய விதியைக் கற்ற பிள்ளை அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதுண்டு, சில வாரங்களில் தானாக அடங்கும் என்றார். மீண்டும் இணைப்படங்களை எடுத்தோம். இம்முறை சொல்பவன் அவன், தொடுபவள் நான். தண்ணீர் என்ற நினைப்பில் அவன் கண்ணீர் என்றால் அழும் பிள்ளையின் படத்தை நான் தொடுவேன். தன் பிழைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தான். நான் நூறு தடவை திருத்தியிருந்தாலும் அந்தச் சிரிப்பு செய்த வேலையைச் செய்திருக்க முடியாது.

இப்போது கொள்ளுப்பிட்டியும் கொம்பனித்தெருவும் கோட்டையும் பிசகில்லாமல் வருகின்றன. புகையிரதம் ஒவ்வொரு நிலையத்தையும் நெருங்கும்போது பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி அறிவிக்கிறான். எஞ்சியிருப்பது கி வரிசை. அப்பம்மா இருப்பது கிளிநொச்சியில்; அவசரத்தில் அது இன்னும் திளிநொச்சிதான். அடுத்த மாதம் அங்கே போகிறோம். பேணியில் நேற்றிரவு வரை முப்பத்தொரு கொட்டைகள்.