கிரீன் சர்க்கிளில் நிற்பவர்களும் மனிதர்கள்தான்

"சாப்பிடலைன்னா போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று குழந்தையை மிரட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நாளைக்கு அந்தக் குழந்தை காட்பாடி ஸ்டேஷன் கூட்டத்தில் தொலைந்துபோனால், காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஓடி ஒளியும். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதே அவர்களிடம்தானே.

போலீஸ் என்றாலே மாமூல், தொப்பை, கெட்ட வார்த்தை என்று பேசிப் பழகிவிட்டோம். கத்திரி வெயிலில் நம் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, சென்னை–பெங்களூரு வண்டிகளுக்கும் சிஎம்சிக்கு விரையும் ஆம்புலன்ஸ்களுக்கும் நடுவே கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நின்று வழி ஒதுக்கித் தருகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரம் காவலுக்கு நின்றவர்களையும் மறந்துவிட்டோம்.

இன்னொன்று. இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்று அரசாணை வந்ததே 2021-இல்தான். அதற்குப் பிறகும் திருவிழா, தேர்தல் பந்தோபஸ்து என்று வந்துவிட்டால் லீவு கையில் நிற்காது. பெண் காவலர்களின் நிலைமை இன்னும் மோசம். பல மணி நேரம் சாலையோரம் நிற்க வேண்டும், பக்கத்தில் கழிப்பறை இருக்காது. தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்கள்.

லஞ்சம் வாங்குகிறவரையும் லாக்கப்பில் அடிக்கிறவரையும் நான் காப்பாற்றப் பேசவில்லை. சாத்தான்குளத்தில் 2020-இல் அப்பாவும் மகனும் போலீஸ் அடித்து இறந்தார்களே, அது கொலை. அப்படிப்பட்டவர்களுக்குத் தண்டனை கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பாவத்தை, நேற்றுப் பயிற்சி முடித்து வந்த அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி மகளின் தலையில் ஏன் ஏற்றுகிறோம்?