வறண்ட பாறையில் நிச்சயதார்த்தப் படம்: தருமபுரி, கிருஷ்ணகிரி லொகேஷன் நாட்குறிப்பு

ஜனவரி 19, 2025, ஞாயிறு

தை பிறந்துவிட்டது. வைகாசி வரைக்குமான முகூர்த்தங்களுக்கு நிச்சயதார்த்தப் படம், ப்ரீ வெட்டிங் ஷூட் என்று ஜோடிகள் விசாரிக்கத் தொடங்கும் நேரம். பாதிப் பேர் போனில் காட்டுவது ஏதோ ஒரு பாலைவனப் படம். அலை அலையான மணல்மேடு கட்டாயம் வேண்டுமென்றால் ஜெய்சால்மர் தாண்டி சாம் வரை போகவேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்புவெளி வேண்டுமென்றால் கட்ச். தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிக்க நினைப்பவர்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி, அதாவது செம்மணல் மேடு, இருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மணல்மேடு கிடையாது. மொட்டைப்பாறை, கரடு எனும் சிறு பாறைக்குன்று, வற்றிய ஏரி, காய்ந்த ஓடை எல்லாம் தாராளமாக உண்டு. மலையும் காடும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்பது நம் பழம்பாட்டு மரபு. காதலர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் உடன்போக்கைப் புலவர்கள் வைத்துப் பாடியதும் அந்த நிலத்தில்தான்.

இடத்தை இந்த மாதமே முடிவு செய்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையின் பச்சை இன்னும் கரடுகளில் நிற்கிறது. மாசிக் கடைசியில்தான் புல் வைக்கோல் நிறத்துக்கு வரும். இப்போது போய்ப் பார்த்து, திசையைக் குறித்துக்கொண்டு வரலாம். அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஜனவரி நடுவில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 20 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். மார்ச் 20 வாக்கில் நேர்கிழக்குக்கு வந்துவிடும். இன்று இரண்டு பாறைக்கு நடுவே அழகாக எட்டிப்பார்க்கும் சூரியன், பங்குனியில் வடபக்கத்துப் பாறைக்குப் பின்னால் மறைந்து நிற்கும். அதனால் போனில் திசைகாட்டியைத் திறந்து, படம் எடுக்கப்போகும் தேதியின் உதயத் திசையைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடாகப் போட்டுப் பார்க்கவேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

உதயம் 6.40 ஒட்டி, மறைவு 6.20 தாண்டி. இந்த நேரத்தை வைத்து மட்டும் திட்டம் போட்டால் மாலைப் படம் கெடும். நம் பக்கத்தில் எந்தத் திசையிலும் ஒரு கரடு குறுக்கே நிற்கும்; பஞ்சாங்க மறைவுக்கு வெகுமுன்பே வெயில் போய்விடும். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின்மேல் வைத்தால் முஷ்டி உயரம் ஏறத்தாழ 10 டிகிரி. நம் அட்சரேகையில் அந்தப் பத்து டிகிரியை இறங்கச் சூரியனுக்கு 40 நிமிடம் பிடிக்கும். மேற்கே கரடு அரை முஷ்டி உயரம் நின்றால் 20 நிமிட வெளிச்சம் கணக்கிலேயே இல்லை.

பொன் வெயில் என்று எல்லோரும் ஆசைப்படுவது அந்த 40 நிமிடம்தான். ஐரோப்பா போன்ற வடக்கத்திய நாடுகளில் எடுத்த படங்களைப் பார்த்து இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று நம்பி வருகிறார்கள். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அவ்வளவு கிடைக்காது. ஆகவே ஒரு காலைக்கு மூன்று இடம்தான், மூன்றும் 300 மீட்டர் நடைக்குள். உடை மாற்ற ஒருமுறைக்கு 20, 25 நிமிடம் போய்விடும். இரண்டாவது உடைக்குப் பாறை நிழலை ஒதுக்கிவைத்தால் பொன் வெயில் வீணாகாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கோட்டைகள். ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் கேட்காத ஜோடியே இல்லை. இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்குச் சிக்கல் வராது. ஸ்டாண்ட், லைட், வீடியோக் குழு என்று போனால் முன் அனுமதி வேண்டும். எழுத்தில் வாங்கியே போகவேண்டும், வாய்ச்சொல் வாசலில் செல்லாது. நினைவுச் சின்னங்களுக்கு உதயத்திலிருந்து மறைவு வரைதான் நேரம் என்பதால் மேலே நின்று உதயப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடலாம். கோட்டைக்குச் சரியான வேளை 7.00 முதல் 8.15. மதில் கல்லில் பக்கவாட்டு வெயில் விழுந்து ஒவ்வொரு உளிக்கொத்தும் தெரியும். கிருஷ்ணகிரி மலையில் தர்கா இருக்கிறது. தொழ வருகிறவர்கள் ஃபிரேமில் விழாதபடி கோணத்தை மாற்றிக்கொள்வது நம் பொறுப்பு.

ஏறுவதற்கு முன் கீழே நின்று, தொங்குபாறைகளின் அடிவயிற்றை நன்றாகப் பார்க்கவேண்டும். கறுப்பாக, அரைவட்டமாக, தொட்டில் துணி தொங்குவதுபோல ஏதாவது தெரிந்தால் அது மலைத்தேனீ அடை. மேற்பரப்பில் மின்னி ஓடும் அலையே ஈக்களின் அசைவு. அந்தப் பக்கம் டிரோன் வேண்டாம், கலர் புகை வேண்டாம், அன்றைக்கு சென்டும் வேண்டாம். ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கு மற்றவையும் கூடிவிடும். பட்டுப்புடவையோடு பாறைப் படியில் ஓடித் தப்ப முடியாது. அடை தெரிந்தால் வேறு இடம்தான், அதில் பேரமே கிடையாது.

மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளை ‘பழைய கல் வீடு’ என்று சிலர் கேட்கிறார்கள். அவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். தள்ளி நின்று பின்னணியாக வைக்கலாம். மூடுகல்லின்மேல் ஏறுவதும் பக்கப் பலகையில் சாய்வதும் கூடாது. முட்டுக்கொடுத்து நிற்கும் கற்கள், எடை மாறினால் சாயும். தருமபுரிப் பக்கம் வயல் ஓரங்களில் நிற்கும் நடுகற்களுக்கும் அதே மரியாதை. பல ஊர்களில் அவற்றுக்கு இன்னும் பூசை நடக்கிறது.

மார்ச் 5, புதன்

வற்றிய ஏரி. பாலைவனத் தோற்றத்துக்கு இந்த மாவட்டங்களில் இதற்கு இணையான களம் இல்லை என்பது எங்கள் தீர்மானமான எண்ணம்.

ஏரி வற்றும்போது களிமண் சுருங்கிப் பலகோண வெடிப்பு விடும். மண் படிவு எவ்வளவு கனமோ அவ்வளவு அகலமாக வெடிக்கும். கரையையும் மதகையும் ஒட்டிய பகுதிதான் ஆழம், வண்டல் கனமும் அங்கேதான். அதனால் பெரிய வெடிப்பு அங்கே கிடைக்கும். கடைசியாகக் காய்வதும் அந்த இடம்தான். மேலே வெளுத்துக் காய்ந்த ஓடு, அடியில் சேறு. நீர் வரும் பக்கத்துத் தரை எப்போதோ இறுகியிருக்கும், ஆனால் வெடிப்பு சின்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டை இருக்கும், தேட வேண்டியது அதைத்தான்.

சோதிக்க ஐந்தடி மூங்கில் கம்பு போதும். உடம்பு எடையைக் கொடுத்து ஊன்றினால் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. வெடிப்புக்குள் எட்டிப்பார்த்து, அடிமண் கறுத்து மினுமினுத்தால் இன்னும் ஈரம். அங்கே இருவர் சேர்ந்து நிற்கக் கூடாது. போகிற வழி முழுக்கப் பத்தடிக்கு ஒருமுறை ஊன்றிப் பார்த்து, அதே தடத்தில் எல்லோரும் வரவேண்டும். விவசாயிகள் வண்டல் வெட்டி எடுத்த குழிகள் செங்குத்து ஓரத்தோடு திறந்து கிடக்கும்; விடிவதற்கு முந்தைய இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. முந்தின நாள் வெளிச்சத்திலேயே குழிகளைச் சுற்றி ரிப்பன் கட்டிவிடுவது நல்லது.

வெடிப்பு படத்தில் எழும்பி வர வெயில் சாய்ந்து விழவேண்டும். சூரியன் 10 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும்போது ஒவ்வொரு கோணத்தின் விளிம்பிலும் நிழல் கோடு பிடிக்கும். ஒன்பது மணிக்கு மேல் அதே தரை வெறும் சாம்பல் பாயாகிவிடும். கேமரா முழங்கால் உயரத்தில், 24 அல்லது 35 மி.மீ. லென்ஸ். சூரியன் ஜோடிக்குப் பக்கவாட்டில் இருப்பது நலம். நேர் பின்னால் வைத்தால் முகத்துக்கு ரிஃப்ளெக்டர் வேண்டும். அதில் வெள்ளைப் பக்கம் மட்டும். தங்கப் பக்கத்தைக் காட்டினால், மண் ஏற்கெனவே கீழிருந்து செம்மஞ்சளைத் தூக்கி அடிப்பதோடு சேர்ந்து தாடை அடியில் காவி படிந்ததுபோல் ஆகும். வெளிர்மண்ணைப் பார்த்து கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கும்; கேமராவில் வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் கூட்டிவைத்துத் தொடங்கலாம்.

ஹீல்ஸ் வெடிப்புக்குள் சிக்கிக் கணுக்கால் பிசகும். தட்டைச் செருப்பு போதும், புடவைக் கொசுவம் மறைத்துவிடும். உட்காரும் படத்துக்கு ஆறுக்கு நான்கடியில் மண் நிறத் துணி ஒன்று. செம்மண் கறை பட்டிலிருந்து லேசில் போகாது. ஈரத்துணியால் தேய்க்காமல் முழுக்கக் காயவிட்டுத் தட்டிவிடவேண்டும்.

ஏரி யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். பெரிய ஏரி நீர்வளத்துறை, சின்னது ஊராட்சி. ஊராட்சிச் செயலரிடமும் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் “யாரு நீங்க, எங்க வந்தீங்க?” என்று காலையில் கூட்டம் கூடாது. மீன் குத்தகை எடுத்தவர் இருந்தால் அவரிடமும்.

மார்ச் 12, புதன்

மொட்டைப்பாறைகளில் இப்போது புளி காய்கிறது. கேழ்வரகு, கொள் அடித்த களமும் அதே பாறைதான். காயப்போட்டிருக்கும் இடத்தில் செருப்புக் காலோடு நடப்பதும், ‘நேச்சுரலா இருக்கு’ என்று புளியை ஒதுக்கித் தள்ளுவதும் செய்யவே கூடாத காரியம். கேட்டால் அவர்களே ஒரு மூலையைக் காட்டுவார்கள்.

கைவிட்ட கிரானைட் குவாரி வேண்டும் என்கிறவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். பச்சைநீலத் தண்ணீர் படத்தில் அழகுதான். ஆனால் வெட்டிய சுவர் செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது; விளிம்பிலிருந்து ஓரடி தாண்டினாலே ஆழம், பிடித்து ஏற இடுக்கே இருக்காது. வெடிவைத்துத் தளர்ந்த கற்கள் மேலே நிற்கின்றன. உள்ளே போக உரிமையும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஒகேனக்கல். நீர் குறைந்தால் பாறை முழுசாக வெளியே வரும். சாம்பலும் கறுப்புமாய், ஆறு குடைந்த குழிகளோடு. முந்தின நாள், காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று செய்தியில் பார்த்துவிட்டுப் புறப்படவேண்டும். மேலே கர்நாடக அணைகளில் திறந்தால் இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே நீர் ஏறும். அதனால் நடு ஆற்றுப் பாறை கிடையாது. கரையோடு தொடர்ச்சியாக இருக்கும் பாறை மட்டும். வழவழப்பான, பாசிக் கறை படிந்த பரப்பைக் காய்ந்திருந்தாலும் நம்பக் கூடாது.

பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் படம் கேட்பது பரிசல்காரர் அண்ணனைச் சங்கடத்தில் மாட்டிவிடும் வேலை. ஜாக்கெட்டோடு பரிசலில் சிரிக்கும் படம் ஒன்று, இறங்கிக் கரையில் பரிசலைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் சாய்ந்து ஒன்று, போதும். பென்னாகரத்திலிருந்து வரும் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. வெயில் காலத்தில் யானைகள் ஆற்றுக்கு இறங்கும் தடம் அது. காப்புக்காட்டுக்குள் எடுக்க மாவட்ட வன அலுவலரின் அனுமதி தேவை.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்குச் சொல்லாமல் மணம் முடிக்கும் ஜோடிகளும் வருகிறார்கள். சாதி மறுத்து மணந்தவர்கள்மேல் வன்முறை நடந்த மாவட்டங்கள் இவை. ஆகவே இங்கே லொகேஷன் என்பது அழகோடு முடியும் விஷயமில்லை.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்ததற்கான சான்றை முதலில் பார்க்கவேண்டும். இருவரும் இந்துக்கள் என்றால், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவின்படி உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணம் செய்யலாம். பாறை மேலேயும் செய்யலாம். மதம் வேறென்றால் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம்: 30 நாள் முன்னறிவிப்பு, இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்கவேண்டும். 2009-ன் பதிவுச் சட்டப்படி மணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். எங்கள் வற்புறுத்தல் ஒன்றுதான்: முதலில் பதிவு, பிறகு படம். மிரட்டல் இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போகவேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டிருக்கிறது.

அந்த நாளில் ஒதுக்குப்புறமான கரடு வேண்டாம். இரண்டு பக்கமும் வெளியேற வழியுள்ள, போன் சிக்னல் உள்ள, தார்ச்சாலையிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கும் இடம் நல்லது. கேமராவிலும் போனிலும் இடக்குறிப்பை அணைத்துவிடவேண்டும். ஊர்ப் பலகை, வண்டி எண் எதுவும் படத்தில் வரக் கூடாது. ஜோடி சொல்லும்வரை ஒரு படம்கூட ஸ்டேட்டஸில் போகக் கூடாது. உதவிக்கு வரும் பையனுக்கும் இதைச் சொல்லிவைக்கவேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புல் நன்றாகக் காய்ந்துவிட்டது. கலர் புகைக் குழல், மத்தாப்பு, வான விளக்கு எதுவும் இந்தப் பருவத்தில் கரட்டில் கூடாது. புகைக் குழலின் வாய் அணைந்த பிறகும் கொதிக்கும். கீழே போட்டால் புல் பிடிக்கும். காற்றில் பறக்கும் துணி வேண்டுமென்றால் ஐந்து மீட்டர் ஷிஃபான் அதே வேலையைச் செய்யும்.

புடவை நிறம்: சாம்பல் பாறைக்கு அரக்கு, கடுகு மஞ்சள். காய்ந்த புல்லுக்குக் கரும்பச்சை, மயில் நீலம். ஏரி மண்ணுக்கு வெள்ளையைவிடச் சந்தனம் நல்லது. வெள்ளையில் வெயில் பட்டால் நெசவே தெரியாது.

டிரோன் 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு எண் வேண்டும். பறக்குமுன், எங்கே பறக்கலாம் என்பதை மண்டலமாகப் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடவேண்டும். ஓசூர் பக்கம் விமான ஓடுதளம் இருப்பதால் அங்கே கூடுதல் கவனம். பச்சை மண்டலத்திலும் 120 மீட்டர்தான் உச்சம். காட்டுக்குள்ளும் அணைகளின் மேலும் எடுக்க நினைக்கவே கூடாது. புழுதித் தரையிலிருந்து கிளப்பினால் மோட்டாருக்குள் மண் போகும். மூன்றடிப் பாய் விரித்துக் கிளப்பி, கையில் பிடிக்காமல் அதன்மேலேயே இறக்கவேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தருமபுரிக்கு இந்த வாரம் நண்பகலில் சூரியன் நேர் உச்சி. நிழல் காலடிக்குள் போய்விடும், கண்குழி கறுத்துவிடும். காலை 6.00 ஒட்டி உதயம், 7.30-க்கு மூட்டை கட்டிவிடலாம். பாறையில் உட்கார வைக்குமுன் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார்க்கவேண்டும். தாங்க முடியவில்லை என்றால் மணப்பெண்ணும் தாங்கமாட்டாள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் தனியாக.

மாலைப் படங்களை இனி எடுக்காமல் இருப்பது நல்லது. கோடை மழை இடியோடு வரும் காலம். மொட்டைப்பாறையில் அந்த வட்டாரத்துக்கே உயரமான பொருள் ஜோடியும் லைட் ஸ்டாண்டும்தான். முதல் இடி காதில் விழுந்ததும் ஸ்டாண்டை அங்கேயே படுக்கவைத்துவிட்டுக் காருக்குள் போகவேண்டும். மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் பொருளை எடுக்க மேலே ஏறவேண்டும்.